முறை வரும்வரை: 'டிராகன் குவெஸ்ட்' (1986) முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு



சென்ற மாதம் எங்கள் துறையில் ஊடக வரலாறு குறித்த கருத்தரங்கு ஒன்று நடந்தது. பேச்சின் ஊடே ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளைத் தொட்டுச் சென்ற ஆய்வாளர் ஒருவர், அக்காலக் கருவிகளுக்கு வேகம் போதாமையால்தான் அவ்விளையாட்டுகளில் போர்கள் முறை முறையாக நடந்தன என்றும், கருவிகளின் வேகம் கூடியதும் அவ்வடிவம் தானாகவே உதிர்ந்துவிட்டது என்றும் சொன்னார். அவையில் எவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. ஏதோ இடறியது, ஆனால் ஆதாரத்தோடு எழுந்து சொல்ல அப்போது இயலவில்லை. அன்று விட்டுப்போன மறுமொழியே இந்த நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இவ்வகை விளையாட்டை ஆடியறியாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நாயகன் வயல்வெளியில் நடந்துகொண்டிருப்பான். திடீரெனத் திரை மாறும். எதிரே ஒரு பகை உயிர் நிற்கும். 'தாக்கு', 'மந்திரம்', 'பொருள்', 'தப்பியோடு' என ஒரு சிறிய பட்டியல் தோன்றும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை எதிரி அசைய மாட்டான். ஒரு நொடியில் தேர்ந்தெடுக்கலாம். எழுந்து சென்று தேநீர் அருந்திவிட்டு வந்தும் தேர்ந்தெடுக்கலாம். நம் முறை முடிந்தபின் எதிரியின் முறை வரும். இதனை 'முறைவழி ஆட்டம்' என இப்பதிவில் அழைக்கிறேன். இதற்கு மாறாக, பொத்தானை எவ்வளவு விரைவாக அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வெற்றி அமையும் ஆட்டத்தை 'விரல்வேக ஆட்டம்' எனலாம்.

சிறுவயதில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியோடு இணைக்கும் வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. ஜப்பானியக் கருவியின் மலிவான நகல் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 'கேசட்' என்று நாங்கள் அழைத்த மஞ்சள் நிறக் கேட்ரிட்ஜில் மாரியோவும் கான்ட்ராவும் இருந்தன. ஆறேழு பிள்ளைகள், இரண்டு கைப்பிடிகள். ஓர் உயிர் போனால் கைப்பிடியை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். என் விரல்கள் மெதுவானவை. அரைமணி நேரம் காத்திருந்து பெற்ற முறை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மெதுவான விரல்களுக்கும் இடம் தரும் விளையாட்டு ஒன்று அதே கருவிக்காக ஜப்பானில் முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதை அறிய எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. ஆகவே இந்தக் கட்டுரையில் ஆசிரியருக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

1. முறையின் மரபுவழி

முறைவழி ஆட்டம் கணினியோடு பிறந்ததன்று. அதன் வேர் போர்ப்பலகைகளில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் சதுரங்கம் பற்றிய குறிப்பு உண்டு. அவ்வாட்டம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்து உருமாறியது. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஹெல்விக், சதுரங்கத்தை விரித்து, நிலவகைகளையும் புதிய படைப்பிரிவுகளையும் சேர்த்துப் போர்விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், நிலவரைபடம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் பயிற்சி விளையாட்டைச் செம்மைப்படுத்தினார். அம்மரபில் வளர்ந்த பொம்மைப்படை விளையாட்டு மன்றங்களிலிருந்தே அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்பு விளையாட்டை வெளியிட்டனர். படைக்குப் பதில் தனி மனிதன். அவனுக்கு உயிர்ப்புள்ளி, அனுபவப்புள்ளி, நிலை. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் தத்தம் முறை வரும்போது தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். பகடை முடிவைச் சொல்லும்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு 'எல்லாம் இங்கிருந்தே போயின' என்று மார்தட்டுவதற்கில்லை. சதுரங்கத்துக்கும் டிராகன் குவெஸ்டுக்கும் இடையே பல நாடுகளின் கைகள் உள்ளன. நான் சுட்ட விரும்புவது வேறொன்று: முறைவழி என்பது கணினியின் குறைபாட்டிலிருந்து பிறந்ததாயின், கணினிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முந்தைய பலகையில் அது எப்படி வந்தது? சிந்திப்பவர் இருவருக்கும் சமமான இடத்தை ஒதுக்கித் தரும் ஒழுங்கு அது. தமிழில் 'முறை' என்ற சொல் வரிசை, நெறி, உறவு, நீதி ஆகிய அனைத்தையும் குறிப்பதை இங்கு நினைவுகூரலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் மேசை விளையாட்டைக் கணினிக்கு மாற்ற அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான பிளேட்டோ கணினி வலையமைப்பில் 1970களின் நடுவிலேயே இத்தகைய ஆட்டங்கள் எழுதப்பட்டன. 1981இல் ஆப்பிள் இரண்டு கணினிக்கு இரு விளையாட்டுகள் வெளிவந்தன. ஒன்று, ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா'. உலகை மேலிருந்து பார்க்கும் வரைபடம் அதன் சிறப்பு. மற்றொன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் எழுதிய 'விசர்ட்ரி'. இருண்ட சுரங்கத்தினுள் ஆறு பேர் கொண்ட குழு. ஒவ்வொருவருக்கும் கட்டளையிட்ட பின்னரே போரின் சுற்று நடக்கும். விசர்ட்ரி இரக்கமற்றது. மாண்டவனை உயிர்ப்பிக்கும் சடங்கு தவறினால் அவன் சாம்பலாவான். மீண்டும் தவறினால் என்றைக்குமாக இல்லாமற்போவான்.

2. ஜப்பானில் எது முதலில் வந்தது?

கருத்தரங்கில் கேட்ட கூற்று காலவரிசைக்கு முன் நிற்காது என்பதை இங்கே காட்ட வேண்டும்.

நெதர்லாந்தில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த ஹென்க் ரோஜர்ஸ் 1984இல் 'பிளாக் ஆனிக்ஸ்' என்னும் முறைவழி ஆட்டத்தை அந்நாட்டுக் கணினிக்கு எழுதினார். ஆனால் அதே 1984இல் நிஹான் பால்காம் நிறுவனத்தின் 'டிராகன் ஸ்லேயர்', டி அண்ட் இ சாஃப்ட் நிறுவனத்தின் 'ஹைட்லைட்' ஆகியவை வந்தன. மறு ஆண்டில் 'சனாடு' வந்தது. இவை மூன்றிலும் போர் முறைவழியாக நடப்பதில்லை. நாயகன் நேரே எதிரியின்மேல் மோதுவான். நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15இல் 14,800 யென் விலைக்கு வெளியிட்ட ஃபேமிகாம் கருவியில் 1985 செப்டம்பரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஓடிக் குதித்தது. 1986 பிப்ரவரியில் 'செல்டா' அக்கருவியின் வட்டு இணைப்பில் வாள் வீசியது. மார்ச்சில் ஹைட்லைட் ஃபேமிகாமுக்கே வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் பிறகுதான், 1986 மே 27இல், எனிக்ஸ் நிறுவனம் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை வெளியிட்டது.

ஆகவே ஃபேமிகாமால் விரைந்து ஓட முடியும் என்பது அப்போதே நிறுவப்பட்டிருந்தது. விரல்வேக ஆட்டமே அன்றைய பெருவழக்கு. அந்தச் சூழலில் எதிரியை நிற்கவைத்து, ஆடுபவரைச் சிந்திக்கச் சொன்னது கருவியின் இயலாமை அன்று. தெரிந்தே செய்த தெரிவு.

3. எழுத்தாளர் ஒருவரின் விளையாட்டு

தெரிவு செய்தவர் யூஜி ஹொரீ. 1954இல் அவாஜித் தீவில் பிறந்தவர். வாசெதா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றவர். இதழ்களுக்கு எழுதிப் பிழைத்தவர். எனிக்ஸ் 1982இல் நடத்திய நிரலெழுத்துப் போட்டியில் டென்னிஸ் விளையாட்டு ஒன்றை அனுப்பிப் பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு பெற்ற மற்றோர் இளைஞர் கோயிச்சி நாக்காமுரா. 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சிக்கு வெற்றியாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குதான் விசர்ட்ரி அவர்கள் கண்ணில் பட்டது. பின்னாளில் டிராகன் குவெஸ்டின் நிரலாக்கத்தை நாக்காமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம் ஏற்றது. பாத்திரங்களை வரைந்தவர், 'டிராகன் பால்' தொடரால் அப்போது புகழின் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த அகிரா தொரியாமா. இசையமைத்தவர் ஐம்பதைக் கடந்த கோயிச்சி சுகியாமா.

ஹொரீ அல்டிமாவின் வரைபடத்தையும் விசர்ட்ரியின் போர்ச் சாளரத்தையும் இணைத்தார் என்று வழக்கமாக எழுதுவார்கள். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. அந்த இரண்டும் விசைப்பலகை உள்ள கணினியை வாங்கும் வசதியும் தடித்த கையேட்டை வாசிக்கும் பழக்கமும் உடையவர்களுக்கானவை. ஃபேமிகாமில் இருந்தவை ஒரு சிலுவைத் திசைப்பொத்தானும் ஒருசில பொத்தான்களும் மட்டுமே. ஹொரீ தம் துப்பறியும் கதையாட்டமான 'போர்ட்டோபியா'வை 1985இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோதே, தட்டெழுதும் கட்டளைகளைத் தேர்வுப் பட்டியலாக்கியிருந்தார். டிராகன் குவெஸ்டிலும் பேசு, ஆராய், எடு, கதவு, படிக்கட்டு என எட்டுக் கட்டளைகள் ஒரு பெட்டிக்குள் அமைந்தன. நாயகனின் உருவம் எப்போதும் நம்மையே நோக்கி நிற்கும். பக்கம் திரும்பும் படங்களுக்கு இடமில்லை. ஆகவே 'பேசு' என்று தேர்ந்தெடுத்தால், வடக்கா, தெற்கா, கிழக்கா, மேற்கா என்று விளையாட்டு மறுபடி கேட்கும்.

மொத்தக் கேட்ரிட்ஜின் கொள்ளளவு 64 கிலோபைட். கைப்பேசியில் இன்று நாம் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போலப் பன்மடங்கு பெரியது. வரைபடம், இசை, உயிரினங்கள், உரையாடல் யாவும் அதற்குள் அடங்க வேண்டும். எழுத்துருவுக்கும் இடம் போதவில்லை. ஹிரகனா எழுத்துகளை வைத்துக்கொண்டு, பெயர்களுக்கு வேண்டிய கதகனா எழுத்துகளைச் சுமார் இருபதாகக் குறைத்தார்கள். கையிலிருந்த எழுத்துகளால் எழுதக்கூடிய பெயர்களே உயிரினங்களுக்கும் ஊர்களுக்கும் வாய்த்தன. உதடு ஒட்டும் எழுத்துகளை விலக்கி நிரோட்டகம் பாடிய நம் புலவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றியிராது. புலவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டுப்பாட்டை இங்கு நினைவகம் இட்டது என்பதே வேறுபாடு.

நினைவகத்தின் குறுக்கம் இந்த விளையாட்டின் தோற்றத்தைத் தீர்மானித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோற்றத்தைத் தீர்மானிப்பது வேறு. நோக்கத்தைத் தீர்மானிப்பது வேறு. நோக்கத்தை அறிய விளையாட்டின் முதல் அறையைப் பார்த்தால் போதும். நாயகன் அரசன்முன் நிற்கிறான். அறை பூட்டியிருக்கிறது. பேழையைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்கினாலன்றி வெளியேற முடியாது. அதற்குள் நான்கைந்து கட்டளைகளைக் கற்றுக்கொண்டிருப்போம். கையேடு படிக்காத ஒரு சிறுமியும் ஐந்து நிமிடத்தில் இவ்வகை ஆட்டத்தின் இலக்கணத்தை அறிந்துகொள்வாள். கோட்டையை விட்டு வெளியே வந்தவுடன், நீர்ப்பரப்புக்கு அப்பால் தீய அரசனின் கோட்டை கண்ணில் படும். போய்ச் சேர வேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. போகும் வழிதான் முழு விளையாட்டும்.

வெளியே முதலில் எதிர்ப்படுவது துளிவடிவ ஸ்லைம். அதை வீழ்த்தினால் ஓர் அனுபவப்புள்ளி. ஏழு புள்ளிகளில் இரண்டாம் நிலை. அதாவது, எவ்வளவு மெதுவாக ஆடினாலும் ஏழு ஸ்லைம்களை வென்றவர் முன்பைவிட வலிமை பெறுகிறார். இறுதி நிலையான முப்பதுக்கு வேண்டியவை 65,535 புள்ளிகள். பதினாறு இருமஇலக்கங்களில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் அது. அந்த எண் கருவி விதித்த எல்லை. முதற்படியில் இருக்கும் ஏழு, ஆசிரியரின் கருணை.

4. யாருடைய நேரம்?

1978இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்த நாள்முதல் ஜப்பானிய விளையாட்டுக்கூடங்கள் நூறு யென் நாணயத்தால் இயங்கின. அங்கு நேரம் கடைக்காரருக்குச் சொந்தம். ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். எதிரி காத்திருக்கும் விளையாட்டு அங்கே பிழைக்காது. விரல்வேக ஆட்டத்தின் விதிகள் பெரும்பாலும் இந்தப் பொருளாதாரத்தில் உருவானவை. வீட்டுக்கு வந்த பிறகும் 'உயிர் மூன்று' என்ற கணக்கு அந்த நாணயத்தின் எச்சமாகவே தொடர்ந்தது.

டிராகன் குவெஸ்டில் உயிர்க் கணக்கு இல்லை. தோற்றால் அரசன்முன் விழித்தெழுகிறோம். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும். பெற்ற அனுபவம் போகாது. விசர்ட்ரியின் சாம்பலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விரல்வேக ஆட்டம் கைவராதவர்களும் பொறுமையால் முடிவைக் காண வேண்டும் என்பதே தம் எண்ணமென ஹொரீ பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் இந்த விதியே அதைச் சொல்லும். கற்றது எவராலும் பறிக்கப்படாது என்பது ஒரு வடிவமைப்பு முடிவு மட்டுமன்று, ஒரு விழுமியம்.

5. தாளும் மின்கலமும்

வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. 1986இன் ஜப்பானியக் கேட்ரிட்ஜில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. அரசனிடம் சென்றால் 'உயிர்ப்பு மந்திரம்' என்ற பெயரில் இருபது ஹிரகனா எழுத்துகளைச் சொல்வார். அவற்றைத் தாளில் எழுதிவைத்து, மறுநாள் பிழையின்றி உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பயன்பட்டவை 64 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஆறு இருமஇலக்கம் என இருபதுக்கு 120. நாயகன் பெயர், அனுபவம், பொன், ஆயுதம் யாவும் அந்த 120க்குள் அடங்கின. நிலையைத் தனியே பதிய வேண்டியதில்லை, அனுபவத்திலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

அந்த இருபது எழுத்துகளும் திரையில் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று எனப் பிரிந்து நிற்கும். முதல் மூன்றும் ஹைக்கூவின் அசைக்கணக்கு. பாஷோவின் பெயர்பெற்ற தவளைக் கவிதையோடு மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் அது செல்லுபடியாகும் மந்திரமாக அமைவதை ஆடியவர்கள் கண்டுபிடித்தார்கள். எழுத்தாளர் ஒருவரின் கை பட்ட இயந்திரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1987 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள்வரை நீண்டது. ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியதால் பல வார உழைப்பை இழந்தவர்களின் புலம்பல் அத்தலைமுறையின் பொது நினைவு. 1988 பிப்ரவரி 10இல் வந்த மூன்றாம் பாகம் கேட்ரிட்ஜுக்குள் சிறு மின்கலம் வைத்துச் சேமிக்கும் முறைக்கு மாறியது. அன்று புதன்கிழமை. கடைகளின் முன் நீண்ட வரிசைகள். பள்ளியைத் தவிர்த்துவிட்டு வந்த மாணவர்கள் காவலரிடம் பிடிபட்டனர். அதன்பின் வேலைநாளில் இத்தொடரை வெளியிடக் கூடாதென ஜப்பான் அரசு சட்டம் இயற்றியதாக இன்றும் பலர் எழுதுகின்றனர். அப்படியொரு சட்டம் கிடையாது. மேற்கோளிலிருந்து மேற்கோளாகப் பரவும் கதைகளை நம் மாணவர்களுக்குக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு இது.

மின்கலம் முன்னேற்றந்தான். ஆனால் மின்கலத்துக்கு ஆயுள் உண்டு. அது தீர்ந்ததும் உள்ளிருந்த பயணக் குறிப்பு அழிந்துவிடும். அழிந்ததை மூன்றாம் பாகம் ஓர் அமங்கல இசையோடு அறிவிக்கும். முதல் பாகத்தின் மந்திரத்தை 1986இல் ஒரு சிறுவன் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தால், அந்தத் தாள் இன்றும் செல்லும். அதே கேட்ரிட்ஜில் அந்த இருபது எழுத்துகளை உள்ளிட்டால், அவன் நிறுத்திய இடத்தில் அவன் வைத்த பெயரோடு நாயகன் எழுந்து நிற்பான். எண்மப் பதிவுகள் நிலையானவை, தாள் அழியக்கூடியது என்று நாம் பழகிப்போன எண்ணத்தை இந்தச் சிறு விளையாட்டு தலைகீழாக்குகிறது. ஆவணக்காப்பகம் பற்றிப் பேசும்போது கேட்ரிட்ஜை மட்டும் பாதுகாத்தால் போதாது. பிள்ளைகளின் குறிப்பேடுகளும் மூலச்சான்றுகளே.

6. உதிர்ந்ததா?

இப்போது கூற்றின் இரண்டாம் பகுதிக்கு வருவோம்: வேகம் கூடியதும் முறைவழி வடிவம் உதிர்ந்ததா?

1987 டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனத்தின் ஹிரோனோபு சகாகுச்சி 'ஃபைனல் ஃபேண்டசி'யைத் தொடங்கினார். 1991இல் அதன் நான்காம் பாகத்தில் ஹிரோயுகி இத்தோ வகுத்த புதிய முறை வந்தது: ஒவ்வொருவருக்கும் ஒரு கடிகாரம் உள்ளே ஓடும், நாம் தயங்கினால் எதிரி தாக்கிவிடுவான். பின்வந்த பாகங்களில், பட்டியலைத் திறந்திருக்கும்போது காலத்தை நிறுத்திவைக்கும் 'காத்திரு' என்ற தெரிவும் ஆடுபவருக்கு வழங்கப்பட்டது. காத்திருப்பைப் பறித்தவர்களே அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது.

அதன்பின் நடந்தது நேர்கோட்டு வளர்ச்சியன்று. பன்மடங்கு வலிய பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு 2001இல் வந்த ஃபைனல் ஃபேண்டசியின் பத்தாம் பாகம் கடிகாரத்தைக் கைவிட்டு முழுமையான முறைவழிக்குத் திரும்பியது. 2006 டிசம்பரில் டிராகன் குவெஸ்டின் ஒன்பதாம் பாகம் விரல்வேக ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆடுவோரிடையே கடும் அதிருப்தி எழுந்தது. 2009இல் வெளிவந்தபோது அது முறைவழி ஆட்டமாகவே இருந்தது. இன்னொரு புறம், 2016இல் பதினைந்தாம் பாகமும் 2023இல் பதினாறாம் பாகமுமாக ஃபைனல் ஃபேண்டசி விரல்வேகத்தை நோக்கிச் சென்றுவிட்டது. எனினும் அதே காலத்தில்தான் 'பெர்சோனா 5' (2016), 'டிராகன் குவெஸ்ட் 11' (2017), 'ஆக்டோபாத் டிராவலர்' (2018) ஆகியவை வந்தன. தெருச்சண்டைத் தொடராக இருந்த 'யாகுசா' 2020இல் முறைவழிக்கு மாறியது. அதன் புதிய நாயகன் டிராகன் குவெஸ்ட் ஆடி வளர்ந்தவன் என்பதே அதற்குக் கதை சொன்ன காரணம். 2023இல் பெல்ஜிய நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3', மேசை விளையாட்டின் விதிகளையே மீண்டும் முறைவழியாகத் தந்தது. 2025இல் பிரான்சிலிருந்து 'கிளேர் ஒப்ஸ்க்யூர்' வந்தது.

இக்கடைசி எடுத்துக்காட்டு என் வாதத்துக்கு முழுமையாகத் துணைநிற்பதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே தாக்குவது முறைவழி. ஆனால் எதிரியின் அடியைத் தடுக்க நொடி தவறாமல் பொத்தானை அழுத்த வேண்டும். காத்திருப்பும் வேகமும் இன்று ஒன்றையொன்று விழுங்காமல் கலந்து நிற்கின்றன. உதிர்வு, வெற்றி என்ற சொற்கள் இந்த வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பதே என் முடிவு.

7. மறுதரப்பு

இவ்வடிவத்தைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. எதிரி காத்திருக்கிறான் என்பது உண்மை. விளையாட்டு நம் வாழ்நாளை விழுங்குகிறது என்பதும் உண்மை. 1986இன் டிராகன் குவெஸ்டில் அடுத்த ஊருக்குச் செல்லும் வலிமை பெறுவதற்காக ஒரே புல்வெளியில் மணிக்கணக்கில் ஒரே உயிரினங்களை வீழ்த்த வேண்டியிருக்கும். திறமைக்குப் பதில் ஓய்வு நேரம் நுழைவுக் கட்டணமாகிறது. ஓய்வு நேரம் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. எந்த வீட்டில் யார் கையில் அது இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கதையிலும் மீட்கப்பட வேண்டிய இளவரசி ஒருத்தி இருக்கிறாள். அவள் தன்னை உடன் அழைத்துச் செல்லக் கேட்கும்போது 'இல்லை' என்று சொன்னால், 'ஆம்' என்னும்வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். தெரிவு இருப்பதாகத் தோன்றும், இருக்காது.

ஆனால் அதே விளையாட்டின் இறுதியில் மெய்யான தெரிவு ஒன்று வருகிறது. தீய அரசன் முன் நிற்கிறோம். அவன் உடனே தாக்குவதில்லை. தன்னோடு சேர்ந்தால் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்லி, சம்மதமா என்று கேட்கிறான். திரையில் 'ஆம்', 'இல்லை' என இரண்டே சொற்கள். ஆம் என்றால் அத்துடன் பயணம் முடிகிறது.

கடந்த குளிர்காலத்தில், விடுதி அறையில், ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத இயலாமல் தவித்த இரவொன்றில், நான் முதன்முறையாக அந்தக் கேள்வியின் முன் வந்து நின்றேன். விடை தெரிந்ததுதான். ஆயினும் பொத்தானை அழுத்தாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீய அரசன் காத்திருந்தான். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அரை நிமிடத்தில் பறிபோன முறைகள் நினைவுக்கு வந்தன. கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் இயந்திரத்தை ஒரு காலத்தில் மனிதர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். அதைக் குறைபாடு என்று வரலாற்றில் எழுதிவைத்தால், அவர்கள் எதைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

கருத்தரங்கில் பேசிய நண்பர் இதை வாசித்தால் மறுமொழி எழுத வேண்டுகிறேன். இப்போது முறை அவருடையது. அவசரமில்லை.